உலோகத்தின் சோர்வு

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் எல்லோரும் மேதைகள். நாலு பேர் வாசித்தோம், நாலும் அற்புதம். போன மாதமும் நாலும் அற்புதம். இந்த வேகத்தில் போனால் அற்புதங்களை அடுக்கி வைக்க, கீழே இருக்கும் டிரைவிங் ஸ்கூலிலும் கொஞ்சம் இடம் கேட்க வேண்டியிருக்கும்.

பத்து வருஷம் கழித்து நானே இதைப் படித்தால், இப்படியும் ஒரு கூட்டத்தில் இருந்தேனா என்று நம்ப மாட்டேன். அதனால் விவரமாகவே எழுதி வைக்கிறேன். உலகம் ஒரு ஸ்தாயியை, அதாவது கீழ் ஸவிலிருந்து மேல் ஸ வரை உள்ள தூரத்தை, பன்னிரண்டாகப் பிரித்துப் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறது. எங்கள் 'வேறு சுருதி வட்ட'த்துக்கு அது போதாது. நான் பத்தொன்பதாகப் பிரிக்கிறேன். பல் கட்டும் வேலை பார்க்கும் ஒருவர் முப்பத்தொன்றாகப் பிரிக்கிறார். அதனால் அவர் பெயரே முப்பத்தொண்ணு. மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் கூடுவோம், வாசிப்போம், பிறகு வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வோம்.

பாராட்ட மட்டும்தான் செய்யலாம். 'எனக்குப் பிடித்தது' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். 'ஆனால்' என்ற சொல்லுக்குத் தடை. இந்த விதி வந்ததே என் புண்ணியத்தில்தான். மூன்று வருஷம் முன்பு ஒருவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, எண்ணெய் போடாத கேட் மாதிரி இருந்தது என்றேன். அவர் அதோடு நின்றுவிட்டார். எனக்கு அந்த கேட் சத்தம் நிஜமாகவே பிடித்திருந்தது. யார் நம்பினார்கள்? பிப்ரவரியில் முப்பத்தொண்ணிடம் வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டேன். எங்கள் ஒருங்கிணைப்பாளர் இன்று மாடிப்படியில் நிறுத்தி, "இனிமே அன்பா மட்டும் பேசுங்க மேடம். இன்னொரு தடவை ஆச்சுன்னா வட்டமே உடைஞ்சு போயிடும்" என்றார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர். வாசிப்பவர் முதல் தட்டு தட்டும் முன்பே 'ஆஹா' சொல்லிவிடுவார். அவர் பெயர் ஆஹா.

இன்றைய பெரிய ஆஹா, வழக்கம்போல் குழாய்க்குத்தான். குழாய் பிளம்பர் வேலை பார்க்கிறார், ஐம்பது வயது இருக்கும். அலுமினியக் குழாய்களை அளவு அளவாக வெட்டி, சட்டத்தில் தொங்கவிட்டுத் தட்டுவார். குழாய் குட்டையானால் சத்தம் ஏறும். அவ்வளவுதான் விஞ்ஞானம். கீழ்க் குழாயிலிருந்து அதே ஸ்வரத்தின் மேல் குழாய் வரை உள்ள தூரம், எண்ணிக்கையில் சொன்னால் 1200 சென்ட். பச்சைக் குழந்தையும் கிழவரும் சேர்ந்து பாடினால் தானாக வந்து விழும் தூரம் அது. குழாயிடம் இன்று 1218. எப்படித் தெரியும் என்றால், என் கைப்பைக்குள் சுருதியை அளந்து எண்ணாகக் காட்டும் ட்யூனர் இருக்கிறது. வட்டத்தில் மெஷினுக்கும் தடை, காதுதான் கடவுள். அதனால் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஜிப்பைக் கொஞ்சம் திறந்து, சாமி கும்பிடுவதுபோல் குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

போன ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் அவருடைய எண்ணை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வருகிறேன். வாயைத் திறக்கக் கூடாது என்றால் கைக்காவது ஏதாவது வேலை வேண்டாமா?

மார்ச் 5, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று பதினேழு பேருக்குப் பார்வை சோதித்தேன். பதினேழு பேரிடமும் என்ன கோளாறு என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். ஒருவரும் அழவில்லை.

மார்ச் 22, வெள்ளி

போன வாரம் அனுப்பிய என் புதுப் பதிவைப் பற்றி ஆஹாவிடமிருந்து கடிதம். 'உங்கள் ஸ்வரங்கள் கேட்பவரைக் கைப்பிடித்து வேறொரு வீட்டுக்குள் அழைத்துப் போகின்றன.' நாலு தடவை படித்தேன். வெட்கமில்லாமல் ஐந்தாவது தடவையும் படித்தேன். மதியம் முப்பத்தொண்ணு கடைக்கு வந்தார், மூக்குக் கண்ணாடியின் திருகு கழன்றுவிட்டதாம். வந்த இடத்தில், தனக்கு வந்த கடிதத்தைப் பெருமையாகக் காட்டினார். அவரையும் கைப்பிடித்து வேறொரு வீட்டுக்குள்தான் அழைத்துப் போயிருக்கிறார்கள். ஒரே வீடாக இருந்தால் வாசலில் பார்த்துக்கொள்ளலாம்.

திருகை இரண்டு சுற்று அதிகமாகவே இறுக்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

1224. ஒரே மாதத்தில் ஆறு!

வாசிப்பதற்கு முன் குழாய் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "என்னன்னே தெரியல. போன மாசம் அரம் போட்டுச் சரியா வச்ச மேல் குழாய் எல்லாம் இந்த மாசம் இறங்கிப்போயிருக்கு. மறுபடியும் கொஞ்சம் ராவினேன். வயசாகுதோ என்னவோ குழாய்க்கு."

வேறெந்த ஊரில், வேறெந்தக் கூட்டத்தில் இதைச் சொல்லியிருந்தாலும் யாராவது ஒருவர் 'குழாய் எப்படிய்யா இறங்கும்?' என்று கேட்டிருப்பார். ஆஹா கண்ணை மூடிக்கொண்டார். "உலோகத்தின் சோர்வு" என்றார். இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறாராம். அலுமினியம் மனிதனைப் போலத் தளர்கிறது, கலைஞன் அதன் தளர்ச்சியோடு உரையாடுகிறான், ஸ்தாயி என்ற சிறையின் கதவு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. முப்பத்தொண்ணு இதையெல்லாம் எழுதிக்கொண்டார். அலுமினியம் மட்டும் பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. "எனக்குப் பிடித்தது, சட்டத்துக்கு நீங்கள் அடித்திருக்கும் நீல பெயிண்ட்" என்றேன். குழாய் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, ஆஹா பிறகு அந்த அறிவிப்பைச் செய்யும் வரை. வருஷக் கடைசியில் பெரிய அரங்கில் கச்சேரி, வட்டத்திலிருந்து ஒருவர் தனியாக வாசிக்கப் போகிறார். யார் என்று எழுதி என் பேனாவை நான் வீணாக்கப் போவதில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் சமையலறையில், குழாய் வட்டத்துக்கு அனுப்பிய பதிவைப் போட்டேன். தப்பு கண்டுபிடிக்கத்தான். மூன்றாவது தடவையாகப் போட்டதும் தப்பு கண்டுபிடிக்கத்தான்.

வீட்டுக்காரர் ஷேவ் செய்தபடி எட்டிப் பார்த்தார். சுருதி என்றால் என்ன விலை என்று கேட்பவர் அவர். காலிங் பெல்லுக்கும் கச்சேரிக்கும் ஆறு வித்தியாசம் சொல்ல மாட்டார். கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இது யாரு?"

"குழாய்."

"பாவம், அவருக்குக் காது நல்லாக் கேக்குமா?"

சிரித்தேன். ஒன்பது மாதமாக ட்யூனர் வைத்து நான் கண்டுபிடித்ததை, பாதி முகம் நுரையோடு ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மிச்ச முகத்தை மழித்தார்.

ஏப்ரல் 11, வியாழன்

கடைக்கு இன்று ஒரு லாரி டிரைவர் வந்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் படிக்கச் சொன்னேன். "எந்தப் பலகை?" என்றார். இடது கண்ணில் அநேகமாக ஒன்றுமே இல்லை. எத்தனை வருஷமாக என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு கண் நன்றாக இருந்தால் இன்னொன்று போனது தெரியாது. இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது யாருக்காவது விளக்கிச் சொல்கிறேன்.

இன்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாக்கு நின்றுவிட்டது.

குழாய் அரம் போடும்போது பார்த்திருக்கிறேன். வலது கையில் தட்டுக்கோல். குழாயை இடது கையில் தூக்கி, இடது காதோடு ஒட்ட வைத்துத் தட்டிப் பார்ப்பார். எப்போதும் இடதுதான். அந்தக் காது மட்டும் மேல் சத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக் கேட்டால்? மாதாமாதம் இன்னும் கொஞ்சம் இறக்கினால்? அவர் மாதாமாதம் இன்னும் கொஞ்சம் ராவுவார். குழாய் எங்கேயும் இறங்கவில்லை. சோர்ந்தது உலோகமே இல்லை.

ஐயோ.

ஏப்ரல் 12, வெள்ளி

போன் செய்தேன். எடுத்தார். "என்ன மேடம், அதிசயமா இருக்கு" என்றார். நீல பெயிண்ட் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தைரியசாலி! மூன்று வருஷம் முன்பு கேட் என்று சொல்ல வந்த தைரியம் எங்கே போயிற்று? சொன்னால் பொறாமையில் சொல்கிறேன் என்பார்கள். கச்சேரி கைக்கு வராத வயிற்றெரிச்சல் என்பார்கள். அதில் முழுப் பொய் இல்லை என்பதுதான் என்னைத் தடுக்கிறது. நான் டாக்டரும் இல்லை. நினைப்பது தப்பாக இருந்தால்? இப்படியே ஒவ்வொரு காரணமாக எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மே 5, ஞாயிறு

1231.

மாடிப்படியில் தனியாகப் பிடித்துச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். குழாய் தனியாகக் கிடைக்கவில்லை. வாசல் கதவிலேயே அவர் இடது தோள் இடித்தது. முப்பத்தொண்ணு இடது பக்கமிருந்து இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. போன் வந்தது, இடது கையில் எடுத்து வலது கைக்கு மாற்றி வலது காதில் வைத்துக்கொண்டார். இதெல்லாம் எத்தனை மாதமாக என் கண்ணெதிரே நடக்கிறதோ. நான்தான் பைக்குள் குனிந்திருந்தேனே.

வாசித்து முடித்தார். பாராட்டு மழை. ஆஹா கட்டுரையின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினார். என் முறை வந்ததும் அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்து, "நம்ம மேடமும் இப்பல்லாம் ரொம்ப அன்பா ஆயிட்டாங்க" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"ஆனால்" என்றேன். "அண்ணே, குழாய் இறங்கல. ஒரு காதை மூடிட்டு ஒரு தட்டு தட்டிக் கேளுங்க, அப்புறம் இன்னொண்ணை மூடிட்டுக் கேளுங்க. ரெண்டும் ஒண்ணாயிருக்கான்னு மட்டும் பாருங்க."

கீழே டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று ரிவர்ஸில் பீப் பீப் என்று போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் அது நன்றாகக் கேட்டது.

"என்ன சொல்ல வர்றீங்க? நான் செவிடுங்கிறீங்களா?"

"இல்லண்ணே, இடது காது மட்டும்…"

"எனக்குக் கச்சேரி கிடைச்சதுலேர்ந்தே உங்க முகம் சரியில்ல. நான் படிக்காதவன்தான், பைப் மாட்டறவன்தான். முகம் படிக்கத் தெரியும்."

பைக்குள் ட்யூனர் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்து எண்ணைக் காட்டியிருக்கலாம். எடுத்தால் பத்து மாதமாக ஒளித்து வைத்து அளந்ததும் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

மே 6, திங்கள்

ஆஹாவிடமிருந்து கடிதம். வட்டம் எனக்கு 'மூன்று மாத அன்பான ஓய்வு' அளிக்கிறது. ஒருவருடைய உடலைக் குறித்துப் பேசுவது வன்முறை என்று ஒரு பத்தி. கடைசியில், என் ஸ்வரங்கள் கேட்பவரைக் கைப்பிடித்து வேறொரு வீட்டுக்குள் அழைத்துப் போவதாக மீண்டும் ஒரு வரி. விரட்டும்போதும் பழைய வரிதான், புதிதாக ஒன்று எழுதக்கூட எனக்குத் தகுதியில்லை போலிருக்கிறது.

மே 7, செவ்வாய்

குழாய் போனை எடுக்கவில்லை. ஆறு தடவை.

மே 23, வியாழன்

படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று ஒரு அம்மா வந்தார். விலாசம் எழுதும்போது தெரு பெயரைப் பார்த்து, "அங்கே பிளம்பர் ஒருத்தர் இருக்காரே" என்றேன். "எங்க வீட்டுக்காரர்தான்" என்றார். என் முகம் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "அட, நீங்கதானா அது! உங்களைத் திட்டாம அவருக்கு ஒரு நாளும் சாப்பாடு இறங்கறதில்ல" என்றார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், காதை மூடிப் பார்க்கச் சொன்னதையும். அவர் சிரிப்பு மெதுவாகக் கழன்றது.

"டிவி சத்தத்தை ஏத்திக்கிட்டே போறார். இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினா பதிலே இல்ல. வட்டத்துல எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடறாங்களே, அதுல திமிரு ஏறிடுச்சுன்னு நினைச்சேம்மா. நாலு நாள் நானும் பேசாம இருந்தேன். நான் பேசாததும் அவருக்குத் தெரியல."

கண்ணாடிக்கு அளவு எடுக்காமலே எழுந்து போனார்.

மே 25, சனி

அந்த அம்மா போன் செய்தார். இரண்டு நாள் கெஞ்சிக் கணவரை உட்கார வைத்தாராம். இவர் தட்ட, அவர் ஒரு காதை மூடி, பிறகு மறு காதை மூடி.

"ஒரே குழாய்தான். ரெண்டு காதுல ரெண்டு சத்தம் கேக்குதுங்கறார். நம்பாம, திரும்பத் திரும்பத் தட்டச் சொன்னார். அப்புறம் தட்டுக்கோலை என் கையிலேர்ந்து வாங்கி அவரே தட்டினார். அப்படியே பாத்ரூம் வாசல்ல உட்கார்ந்துட்டார். எழுந்திரிங்கன்னு சொன்னா, இத்தனை பேர் கேட்டாங்களே, இத்தனை பேர் கேட்டாங்களேன்னு அதையே சொல்லிட்டிருக்கார்."

அந்த இத்தனை பேரில் நானும் உண்டு.

ஜூன் 10, திங்கள்

ஸ்கேன் வந்துவிட்டது. காது நரம்பின் மேல் சின்னக் கட்டி. உயிருக்குப் பயமில்லை, எடுக்க வேண்டும். டாக்டர் கேட்கிறாராம், எப்போது ஆரம்பித்தது, மெதுவாக வந்ததா, சமீபத்தில் வேகமெடுத்ததா என்று. குழாய்க்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. உலோகம் சோர்ந்தது என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா?

"உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?" என்று போனில் கேட்டார் அந்த அம்மா.

"ஏப்ரல்ல" என்றேன்.

வைத்துவிட்டு இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஆகஸ்ட் 1203. செப்டம்பர் 1204. 1206. 1207. டிசம்பர் 1209. 1212. 1215. 1218. 1224. 1231. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் கையெழுத்தில் ஏதாவது ஒரு நக்கல். டிசம்பருக்கு, 'ராக்கெட் கிளம்பிவிட்டது.' பிப்ரவரிக்கு, 'நிலாவைத் தாண்டியாச்சு, யாராவது கையாட்டுங்கள்.'

டாக்டருக்கு வேண்டியது இந்த உலகத்திலேயே இந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. எண்களை மட்டும் வேறு தாளில் நகல் எடுத்துக் கொடுத்தால் என்ன? நக்கல் எதற்கு டாக்டருக்கு?

ஆனால் தேதி போட்ட எண்களை யார் பார்த்தாலும் முதலில் கேட்கப் போவது 'எப்போது தெரிந்தது' என்ற அதே கேள்விதானே.

ஜூன் 12, புதன்

பக்கத்தை அப்படியே கிழித்துக்கொண்டு போனேன்.

முன்னறை முழுக்கக் குழாய்கள், சுவரில் சாய்த்து, கட்டிலுக்கடியில் தள்ளி. அவர் என்னை வலது பக்கம் உட்காரச் சொன்னார். படித்தார். மெதுவாகப் படித்தார், நக்கலையும் சேர்த்து. ராக்கெட்டில் ஒரு நிமிஷம் நின்றார்.

"ஆகஸ்ட்லயே தெரியுமா?"

"எண் தெரியும். காதுன்னு ஏப்ரல்லதான் தோணிச்சு. சத்தியமா."

"எண் தப்புன்னு தெரியும்."

"தெரியும்."

"அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா, யோவ் குழாய், தப்பா இருக்குய்யான்னு சொல்லியிருந்தா என்ன? கோவிச்சுக்கிட்டிருப்பேன். கோவிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து தட்டிப் பார்த்திருப்பேன்ல?"

அந்த அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது, திரும்பிப் பார்க்காமல், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்மா" என்றார். டாக்டர் சொன்னதை அப்புறம்தான் சொன்னார்கள். டிசம்பர் வாக்கில் வந்திருந்தால் கேட்கும் திறனைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம். இப்போது இடது காது போனது போனதுதான், முகத்து நரம்பு தப்பினால் போதும்.

வரும் வழியில் பஸ்ஸில் அழுதேன். டிசம்பர். ராக்கெட்! என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். விதி விதி என்று ஆஹாவைத் திட்டிக்கொண்டிருந்தேனே, விதி வாயைத்தானே மூடியது? எழுதி எழுதி ரசித்தது யார்? வெட்கமாக இருக்கிறது. வேறு என்ன சொல்ல.

ஜூலை 7, ஞாயிறு

ஓய்வில் இருப்பவளும் கையெழுத்துப் போடலாம் என்று முப்பத்தொண்ணு ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்தார். வாசகம் ஆஹாவுடையது: 'ஒற்றைக் காதின் அழகியலை நோக்கிய உங்கள் பயணத்துக்கு வாழ்த்துகள்.' கீழே எல்லோரும் தங்களுக்குப் பிடித்ததை எழுதியிருந்தார்கள்.

நான் என் பெயரை மட்டும் போட்டேன். முப்பத்தொண்ணு கொஞ்ச நேரம் கடையிலேயே நின்றார். பிறகு, "எனக்கும் கேட்டுச்சு மேடம். ஜனவரியிலிருந்தே. நான் ஏதாவது சொல்லி நீங்க மாட்டின மாதிரி மாட்டிக்க வேணாம்னு பார்த்தேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவரைத் திட்டும் உரிமை எனக்கு இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. முகம் கோணவில்லை. நடக்கும்போது கொஞ்சம் தள்ளாடுகிறாராம், சரியாகிவிடும் என்கிறார்கள். இடது காது இனிக் கேட்காது. அந்த அம்மா இதை இரண்டே வரியில் சொல்லிவிட்டு, போன மாதம் வந்து அளவு கொடுத்த தன் கண்ணாடி எப்போது தயாராகும் என்று கேட்டார். இன்றைக்கே நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசலோடு வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 6, ஞாயிறு

என் அன்பான ஓய்வு முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்றுதான் போனேன். குழாய் வருகிறார் என்று தெரிந்ததால் போனேன்.

எல்லாமே புதுக் குழாய்கள். ஒருமுறை ராவியதை ஒட்ட வைக்க முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார். சட்டத்தில் எல்லோரும் பார்க்க ஒரு ட்யூனரைக் கட்டியிருந்தார். யாருக்கும் தடை போடத் தைரியமில்லை. வாசித்தார். 1200. துல்லியமாக 1200. பையைத் திறக்காமலே தெரிந்தது.

பாராட்டு மழை. துணிவு என்றார்கள், மீட்சி என்றார்கள். ஆஹா அழுதே விட்டார். அவர் கட்டுரையை என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை.

குழாய் வேறு யாரையும் பார்க்கவில்லை. வலது பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க."

என்ன பிடித்தது என்று ஆரம்பித்திருக்கலாம். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குடியா முழுகிவிடும்? ஆபரேஷன் முடிந்து வந்த மனிதர். எதிரே அந்த அம்மா, புதுக் கண்ணாடியோடு.

"சரியா இருக்குண்ணே. எல்லாமே சரியா இருக்கு. கேக்க ஒண்ணுமே இல்ல. பழசுதான் நல்லாயிருந்துச்சு."

"பழசு சீக்கு."

"சீக்கா இருக்கட்டும். நல்லாத்தான் இருந்துச்சு. தப்பு கண்டுபிடிக்கறேன்னு சொல்லிட்டு வீட்டுல தினம் அதைத்தான் கேட்டுட்டிருந்தேன்."

குழாய் முகம் சிவந்து, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றினார். அந்த அம்மா எழுந்து அவருடைய இடது பக்கம் போய் நின்றுகொண்டார். போய்விட்டார்கள். "மனுஷியா நீங்க?" என்று ஆஹா கேட்டார். வட்டத்தில் எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் விமர்சனம், அதுவும் எனக்குக் கிடைத்தது.

அக்டோபர் 7, திங்கள்

சொல்லாமல் இருந்ததும் தப்பு. சொன்னதும் தப்போ?

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் அந்த அம்மா போன் செய்தார். "வரச் சொல்றார். மெஷினை வீட்டுலயே வச்சிட்டு வரணுமாம்."

ட்யூனரை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். முன்னறையில் சட்டம். அதில் கட்டியிருந்த ட்யூனர் இல்லை. மேல் வரிசைக் குழாய்கள் பாதி ராவிக் கிடந்தன, தரையெல்லாம் வெள்ளித் தூள். வணக்கம் இல்லை, நலமா இல்லை. வலது பக்கம் ஸ்டூலைக் காட்டினார், உட்கார்ந்தேன். கச்சேரிக்கு இன்னும் ஏழு வாரம். குழாயை வலது காதில் வைத்துத் தட்டினார், என்னிடம் நீட்டினார்.

"இன்னும்" என்றேன். ராவினார்.

"இன்னும்."

ஒரு குழாய்க்கு 'பத்தாது' என்றேன், இன்னொன்றுக்கு 'கூடிப்போச்சு, வீண்' என்றேன். வீணானதை மூலையில் போட்டுவிட்டுப் புதுசு வெட்டினார். சண்டை போட்டார், மூன்றாவது குழாய்க்காக அரை மணி நேரம். அந்த அம்மா டீ வைத்துவிட்டு, இன்று கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

கடைசிக் குழாய். தட்டினார். "போதும்ணே, நிறுத்துங்க" என்றேன். நிறுத்தவில்லை. இன்னும் நாலு இழுப்பு இழுத்தார், ஊதினார், தட்டினார். நான் சொன்ன இடத்தைவிட அது நல்ல இடம். நான் நினைத்தே பார்க்காத இடம்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அதைச் சட்டத்தில் மாட்டினார்.